பாடக்குறிப்பின் இடது பக்கம்

கேள்வி: "சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். இது எனக்கு இரண்டாவது வருடம். போன வாரம், பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது கோடை, தள்ளிப் போகும்போது குளிர்காலம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஒரு பையன் எழுந்து, 'ஜனவரியிலதான் பூமி சூரியனுக்குப் பக்கத்துல இருக்கும்னு வீடியோல பார்த்தேன் மிஸ்' என்றான். 'முதல்ல நான் சொல்றதைக் கவனி, உட்காரு' என்று அடக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. அனுபவமுள்ள ஆசிரியர்கள் இந்த மாதிரித் தப்புகளிலிருந்து உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொள்கிறார்களா? எப்படி?"

வட சென்னையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் 29 வருடம் கணக்கு எடுத்தேன். நடுவில் சில வருடம் பயிற்சி வகுப்புகளுக்குக் கருத்தாளராகவும் போயிருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: உங்கள் கேள்வியில் இரண்டு தப்பு இருக்கிறது. நீங்கள் முதல் தப்புக்காகத்தான் தூங்காமல் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

முதல் தப்பை முடித்துவிடுவோம், அது சுலபம். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனிலிருந்து சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் சுமார் 15.2 கோடி. கேட்க ஐம்பது லட்சம் கிலோமீட்டர் வித்தியாசம். மொத்தத்தில் நூற்றுக்கு மூன்று சொச்சம்தான். பருவங்கள் மாறுவதற்குக் காரணம் பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பது. இந்தத் தப்பு உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1980களின் கடைசியில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், அங்கி போட்டு நின்றவர்களிடம் இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டுப் படம் பிடித்தார்கள். கோடைக்குக் காரணம் என்ன என்றால், ஒருவர் பின் ஒருவராகத் தூரத்தைத்தான் சொன்னார்கள். அடுப்புக்குக் கிட்டே போனால் சுடும் என்று குழந்தையிலிருந்தே நமக்குத் தெரியும், அந்த அறிவு இங்கே வந்து குறுக்கே நிற்கிறது. போதாததற்குப் புத்தகப் படங்களில் பூமியின் பாதையைச் சாய்வாகப் பார்க்கிற மாதிரி நீளமான முட்டை வடிவத்தில் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது கிட்டத்தட்ட வட்டம். அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும் 'ஓ, இங்கே பக்கம், அங்கே தூரம்' என்றுதான் தோன்றும். உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு நீங்கள் சொல்லாமலேயே வந்திருக்கும்.

திங்கட்கிழமை ஐந்து நிமிடம் போதும். டிசம்பர் 26ஆம் தேதி மெல்போர்னில் நடக்கிற டெஸ்ட் மேட்சைப் பற்றிக் கேளுங்கள். அங்கே ஜனங்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். அதே வாரம் நமக்கு மார்கழி, விடிகாலையில் கோலம் போடுகிறவர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு போடுகிறார்கள். 'தூரம்தான் காரணம்னா ரெண்டு ஊருக்கும் ஒரே மாதிரிதானே இருக்கணும்?' என்று மட்டும் கேட்டுவிட்டு விடுங்கள். அவர்களே அடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வருவார்கள். அப்புறம், 'போன வாரம் நான் சொன்னது தப்பு. நோட்டுல அந்த வரியை அடிச்சிடுங்க' என்று சொல்லி, அடிக்கிறார்களா என்று நடந்து போய்ப் பாருங்கள். வாயால் திருத்தினால் போதாது. நோட்டில் இருப்பதுதான் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி படிக்கப்படும்.

சரி, இரண்டாவது தப்பு. 'உட்காரு.'

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு, சதவீதம். 840 ரூபாய்க்கு 17.5 சதவீதம் எவ்வளவு? ஒரு பையன் நோட்டில் 147 என்று வெறும் விடையை மட்டும் எழுதியிருந்தான். ஸ்டெப்ஸ் ஒன்றுகூட இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நன்றாகப் படிக்கிற பெண். நான் வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, 'பக்கத்துல பார்த்து எழுதினியா?' என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பதில் சொல்லாததையே நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டு ஒரு பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன். மொத்தம் பத்து விநாடி இருக்கும்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்தும்போதுதான் கண்ணில் பட்டது. அவன் தாளின் கடைசிப் பக்க மூலையில், பென்சிலில், பொடி எழுத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று எண். வேறொரு கணக்கு, ஆனால் அதே வழி. பத்து சதவீதம், அதில் பாதி, அதிலும் பாதி. 840க்கு அப்படிப் போட்டால் 84, 42, 21. கூட்டினால் 147. நான் ஸ்டெப்ஸ் போட்டு அரைப் பக்கத்துக்கு இழுக்கிற கணக்கை அவன் மூன்று வரியில் மனசிலேயே முடித்துவிடுகிறான். அவன் அம்மா காசிமேட்டில் மீன் வாங்கித் தெருவில் விற்கிறவர். வீட்டில் வரவு செலவு, வட்டிக் கணக்கு எல்லாம் இவன்தான் பார்ப்பான் என்று அப்புறம் தெரிந்தது.

விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், வகுப்பிலேயே சொன்னேன். 'அன்னிக்கு உன்னைப் பார்த்து எழுதினியான்னு கேட்டேன். நீ சொந்தமாத்தான் போட்டிருக்கே. நான் கேட்டது தப்பு.' அவன் தலையைக் குனிந்துகொண்டு 'பரவால்ல மிஸ்' என்றான். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் வருடக் கடைசி வரை அவன் என் வகுப்பில் ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை. அடுத்த வருடம் வேறு டீச்சரிடம் போனான்; அங்கே நன்றாகப் பேசுகிறான் என்று கேள்விப்பட்டேன்.

மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். ஆனாலும் கேட்க வேண்டும். எந்த இடத்தில் அவமானப்படுத்தினோமோ அந்த இடத்திலேயே, அதே ஆட்கள் முன்னால். வகுப்பில் திட்டிவிட்டு வராண்டாவில் கூப்பிட்டு 'சாரி' சொன்னால் கணக்கு நேராகாது. சுருக்கமாகச் சொல்ல வேண்டும். நம் மனபாரத்தை அந்தக் குழந்தை தலையில் இறக்கி, அது நம்மைச் சமாதானப்படுத்துகிற மாதிரி ஆகிவிடக் கூடாது.

இனி உங்கள் உண்மையான கேள்வி: இதில் நான் என்ன கற்றுக்கொண்டேன்? 'இனிமேல் பொறுமையாக இருக்க வேண்டும்' என்று முடிவெடுத்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது. பொறுமை என்பது மிகப் பெரிய சமாச்சாரம், அது என் கையில் இல்லை. வெயில், ஏழாவது பீரியட், மின்விசிறி ஓடாத அறை, எல்லாம் அதில் சேர்த்தி. நான் மாற்றியது ஒரே ஒரு வாக்கியத்தை. ஸ்டெப்ஸ் இல்லாமல் சரியான விடையைப் பார்த்தால் 'பார்த்து எழுதினியா' என்று வருகிற இடத்தில் 'எப்படிப் போட்டே?' என்று கேட்பது. இரண்டு வார்த்தை. பார்த்து எழுதினவன் அந்தக் கேள்விக்குத் திருதிருவென்று விழிப்பான். சொந்தமாகப் போட்டவன் நமக்கே தெரியாத ஒரு வழியைச் சொல்வான். ஒரு தப்பு திருத்துகிற அளவுக்குச் சிறியதாக வேண்டுமானால், நான் அன்றைக்கு வாயால் சொன்ன சொல் வரைக்கும் அதை நறுக்கிக்கொண்டே போக வேண்டும். நான் இத்தனை வருடத்தில் கண்டுபிடித்தது என்றால் அதுதான்.

நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஸ்டாஃப் ரூமில் கேட்டுப் பாருங்கள். ஒரு பாடம் சொதப்பினால் இரண்டே பேச்சுதான் வரும். ஒன்று, 'இந்த வருஷ பேட்ச் சரியில்ல மிஸ், போன வருஷப் பசங்க எவ்வளவோ தேவலாம்.' இன்னொன்று, அது வெளியே வராது, ராத்திரி படுக்கையில் வரும்: 'நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல.' முதலாவது திமிர் என்றும் இரண்டாவது பணிவு என்றும் நமக்கு ஒரு எண்ணம். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அன்றைக்கு அந்த நாற்பது நிமிடத்தில் என்ன நடந்தது என்று போய்ப் பார்க்காமல் தப்பிக்க வழி செய்கின்றன. உங்கள் மூன்று ராத்திரியும் இரண்டாவது ரகம்.

'மாதா பிதா குரு தெய்வம்' என்று சொல்லிச் சொல்லி நம்மைத் தெய்வத்துக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். தெய்வத்துக்குத் தப்பு வராது. அதனால் நமக்கும் வரக் கூடாது, வந்தால் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு பயம். ஆனால் நம் பழைய இலக்கணக்காரர்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டு நன்னூலில், நல்லாசிரியனுக்கு அடையாளம் சொன்னதோடு பவணந்தி முனிவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்கும் நான்கு உவமை கொடுத்திருக்கிறார். அதில் ஒன்று கழற்குடம். கோலிக்குண்டு மாதிரி உருண்டையான கழற்சிக்காயைப் போட்டு நிரப்பிய குடம். போட்ட வரிசையில் திரும்பி வராது. கவிழ்த்தால் முன்னும் பின்னுமாகச் சடசடவென்று கொட்டும். படித்ததை எல்லாம் ஒழுங்கில்லாமல் ஒரே பீரியடில் கொட்டிவிட்டு 'போர்ஷன் முடிச்சாச்சு' என்று வெளியே வந்த நாட்களில் நான் அந்தக் குடமாகத்தான் இருந்தேன். இன்னொன்று பருத்திக் குண்டிகை. பஞ்சை அடைத்து வைத்த குடுவை. அடைப்பதும் பாடு, எடுப்பதும் பாடு. உங்களுக்கு யார் நினைவு வருகிறார்களோ வரட்டும்.

அடுத்து, கண்ணுக்கே தெரியாத தப்புகள். உங்கள் பையன் எழுந்து சொன்னதால் உங்களுக்குத் தெரிந்தது. யாரும் எழுந்து சொல்லாதவைதான் வருடக் கணக்கில் ஓடும்.

எட்டாம் வகுப்பில் சமன்பாடு நடத்தும்போது எல்லாரும் சொல்கிற ஒரு வசனம் உண்டு: 'அந்தப் பக்கம் போனா அடையாளம் மாறும்.' எனக்கு என் டீச்சர் சொன்னது, நானும் சொன்னேன். ஒரு முறை டெஸ்ட் வைத்தேன். 3x = 12. மிகச் சுலபமான கணக்கு, ஊக்கத்துக்காகப் போட்டது. 43 தாளில் 24 பேர் x = 9 என்று எழுதியிருந்தார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். 'வாய்ப்பாடுகூடத் தெரியலையே.' இரவு சாப்பிட்ட பிறகு மறுபடி தாள்களைப் பிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. பன்னிரண்டில் மூன்றைக் கழித்தால் ஒன்பது. 3 அந்தப் பக்கம் போயிருக்கிறது, அடையாளம் மாறி மைனஸ் ஆகியிருக்கிறது. நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார்கள். அந்த 24 தாளிலும் இருந்தது என் கையெழுத்து.

அன்றிலிருந்து தாள் திருத்தும்போது எனக்கு ஒரு பழக்கம். ஒரு தப்பை இரண்டு மூன்று பேர் செய்திருந்தால் அந்தக் குழந்தைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்ப்பேன். வகுப்பில் பாதிப் பேர் ஒரே தப்பை ஒரே மாதிரி செய்திருந்தால், சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, நான் அன்றைக்கு என்ன சொன்னேன் என்று யோசிப்பேன். 'பத்தால பெருக்கினா கடைசியில ஒரு சைபர் போடு' என்று ஆறாம் வகுப்பில் சொன்னது நான்தான், 2.5ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று ஏழாம் வகுப்பில் எழுதினால் யாரைத் திட்டுவது? சமன்பாட்டுக்கு அதன் பிறகு தராசைத்தான் பிடித்துக்கொண்டேன். மூன்று ஒரே மாதிரிப் பொட்டலம் ஒரு தட்டில், 12 எடைக்கல் மறு தட்டில். ஒரு பொட்டலம் எவ்வளவு? எந்தக் குழந்தையும் ஒன்பது என்று சொல்லாது. 'அந்தப் பக்கம் போனா' என்கிற வசனத்தை வாயிலிருந்து எடுக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. பழகிய நாக்கு.

இங்கே நம் தொழிலுக்கே உள்ள ஒரு வம்பைச் சொல்ல வேண்டும். தையல்காரர் ஒரு ரவிக்கையில் கோட்டைவிட்டால் மறுநாளே அடுத்த ரவிக்கை வரும், திருத்திக்கொள்ளலாம். நமக்குச் சமன்பாட்டுப் பாடம் மறுபடி வர ஒரு வருடம் ஆகும். அதற்குள் எது ஏன் சொதப்பியது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆகஸ்டில் பட்ட அடி அடுத்த ஆகஸ்டில் புதுசாகப் படும். எழுதி வைத்தால்தான் உண்டு.

பாடக்குறிப்பு நோட்டு எல்லாப் பள்ளியிலும் உண்டு. திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் மேஜையில் அடுக்கிக் கையெழுத்து வாங்குகிறோம். நோக்கம், துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு என்று எல்லாக் கட்டமும் பாடம் நடத்துவதற்கு முன்னால் எழுதுவது. நடத்தின பிறகு என்ன ஆனது என்று எழுத ஒரு கட்டம் நான் வேலை பார்த்தவரை எந்த நோட்டிலும் இருந்ததில்லை. நான் வலது பக்கத்தில் மட்டும் குறிப்பு எழுதிவிட்டு, இடது பக்கத்தைக் காலியாக விட ஆரம்பித்தேன். பீரியட் முடிந்ததும் பென்சிலில் இரண்டு மூன்று வரி. நான் சொன்ன வார்த்தை, குழந்தை எழுதியது அல்லது கேட்டது, அடுத்த தடவை என்ன. என் மனநிலை, வருத்தம் எதையும் எழுதுவதில்லை. "'அந்தப் பக்கம் போனா' சொன்னேன். 24 பேர் x = 9. தராசு." இவ்வளவுதான் ஒரு பதிவு. அடுத்த வருடம் அதே பாடத்துக்குக் குறிப்பு எழுத உட்காரும்போது முதலில் பழைய நோட்டின் இடது பக்கத்தைப் படிப்பேன். ஒரு தலைமையாசிரியர் 'ஏன் பாதி நோட்டை வேஸ்ட் பண்றீங்க' என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை, போகட்டும்.

இரண்டு செக்‌ஷன் எடுக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஏ செக்‌ஷனில் சொதப்பியதை பி செக்‌ஷனில் அன்றைக்கே திருத்திவிடலாம். நாமெல்லாரும் தெரியாமலே இதைச் செய்கிறோம். பிரச்சினை என்னவென்றால், கால அட்டவணைப்படி ஏ செக்‌ஷனுக்குத்தான் எப்போதும் முதலில் வகுப்பு என்றால், வருடம் முழுக்க அந்தக் குழந்தைகள்தான் நம் ஒத்திகையைப் பார்க்கிறார்கள். பி செக்‌ஷன் மார்க் அதிகமாக வந்தால் அவர்கள் புத்திசாலி என்று பேசிக்கொள்வோம். எனக்கு இது புரிந்த வருடத்திலிருந்து புதுப் பாடத்தை ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று மாற்றித் தொடங்கினேன்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத தப்பை போன்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு நாள் வகுப்பில் போனை மேஜை டிராயரில் வைத்து ரெக்கார்டு போட்டுவிட்டு நடத்தினேன். என் குரலை மட்டும் கேட்கத்தான். வீட்டில் கேட்டபோது நாற்பது நிமிடத்தில் 'புரியுதா?' என்று 31 தடவை கேட்டிருந்தேன். 31 தடவையும் 'புரியுது மிஸ்ஸ்' என்று கோரஸ் வந்திருந்தது. அந்த 'ஸ்' இழுப்பைக் கேட்டாலே தெரியும், அது சாமி பாட்டு மாதிரி ஒரு பழக்கம். புரிந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைவிட மோசம், கேள்வி கேட்டுவிட்டு நான் காத்திருக்கவே இல்லை. கேட்ட மூச்சிலேயே பதிலையும் நானே சொல்லியிருந்தேன். மேரி பட் ரோ என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இதை அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். மூன்று விநாடிதானே என்று தோன்றும். வகுப்பில் நின்று பாருங்கள், அது ஒரு யுகம். நான் மனசுக்குள் 'ஒண்ணு... ரெண்டு... மூணு' என்று எண்ண ஆரம்பித்தேன். முதல் வாரம் குழந்தைகள் மிஸ்ஸுக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். 'புரியுதா'வுக்குப் பதிலாக, மணி அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கணக்கு. பெயர் எழுத வேண்டாம். ரயிலில் போகும்போது புரட்டிப் பார்த்தால் அன்றைய பாடத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னது எல்லாம் கைக்கடக்கமான தப்புகள். ஒன்று பெரியது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து எட்டு வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. அன்றைக்கு என் முன்னால் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் கடைசியாகப் பள்ளிக்கு வந்தது ஐந்தாம் வகுப்பில். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் வாரமே ஏழாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து, மைனஸ் எண்களைக் கூட்டுவது எப்படி என்று தொடங்கிவிட்டேன். போர்ஷன் பயம். கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத குழந்தைக்கு மைனஸ் மூன்றையும் மைனஸ் ஐந்தையும் கூட்டச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து ஒரு பெண், வீட்டில் செல்போனே இல்லாமல் அந்த ஒன்றரை வருடத்தைக் கழித்தவள், என்னிடம் வந்து 'மிஸ், அஞ்சாவது புக் இருந்தா குடுங்க' என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு, 2022 ஜூனில், அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவந்தது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்துக் கற்பிப்பது. அதன் நிறைகுறை தனிக் கதை. மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றுகிற வேலை ஆசிரியரைப் பிழிகிறது என்று புலம்பாதவர்கள் கிடையாது. ஆனாலும் குழந்தை நிற்கிற இடத்திலிருந்து தொடங்கு என்பது நான் அந்த நவம்பரில் செய்யத் தவறியதுதான். அந்த வருட நோட்டின் இடது பக்கத்தில் ஒரே வரி: 'முதல் வாரம் புத்தகத்தைத் திறக்காதே.'

அடுத்து, யாரிடம் சொல்வது? இதில் கொஞ்சம் சூதானம் வேண்டும். மருத்துவத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி இறந்தாலோ சிக்கலானாலோ டாக்டர்கள் கூடி உட்கார்ந்து எங்கே தவறியது என்று பேசுவார்கள். அமெரிக்காவில் 1976லிருந்து விமானிகள் தங்கள் தவறுகளை நாசா நடத்துகிற ஓர் அமைப்புக்கு ரகசியமாக எழுதி அனுப்புகிறார்கள். மற்ற விமானிகள் அதைப் படித்து உஷாராகிறார்கள். நமக்கு அப்படி ஒரு மணி நேரம் கிடையாது. ஸ்டாஃப் மீட்டிங் என்றால் சுற்றறிக்கை வாசிப்பு, ரிசல்ட் சதவீதம், கட்டணம் கட்டாதவர் பட்டியல். தப்பைச் சொன்னால் மெமோ வரும் என்றால் யார் சொல்வார்கள்? ஏமி எட்மண்ட்சன் என்கிற ஆய்வாளர் 1990களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை எண்ணப் போனார். நன்றாக ஒத்துழைக்கிற குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று பார்த்தால், அவற்றில்தான் அதிகம் பதிவாகியிருந்தது. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்ற விளக்கத்துக்குத்தான் கடைசியில் அவர் வந்தார். அதனால் உங்கள் பள்ளியில் எல்லாரும் தப்பே செய்யாதவர்கள் மாதிரித் தெரிந்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன்.

ஒரே ஒரு ஆள் போதும். எனக்கு அப்படி வாய்த்தவர், எங்கள் பள்ளியில் தமிழ் எடுத்த ஒரு அக்கா. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் 'இன்னிக்கு எங்க விழுந்தே?' என்பார். வாரத்துக்கு ஒரு பீரியட் அவர் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காருவார், நான் அவர் வகுப்பில். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் தயாரித்து, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசுகிற வழக்கம் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், பார்க்க வருகிறவர்கள் குழந்தைகளைத்தான் பார்ப்பார்கள். யார் எந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தான், யார் பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தாள். அக்காவும் நானும் அதைத்தான் செய்தோம். நான் நடத்தியது நன்றாக இருந்ததா என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. 'மூணாவது பெஞ்சுப் பொண்ணு நீ போர்டுல ரெண்டாவது வரி எழுதினதுமே விட்டுட்டா' என்பார். கணக்குத் தெரியாத ஆள் பார்த்ததால்தான் அது கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன்.

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போய்த் தன்னிலை விளக்கம் கொடுக்காதீர்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. அடிப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சில பயிற்சிகளில் சீனியர்கள், 'நான்கூட அந்தக் காலத்துல கை நீட்டி, அப்புறம் கத்துக்கிட்டேன்' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2010 ஏப்ரலிலிருந்து உடல்ரீதியான தண்டனை, மனரீதியான துன்புறுத்தல் இரண்டையும் தடை செய்திருக்கிறது. அது நம் சுய முன்னேற்றத்துக்கான பாடம் ஆகாது. அங்கே கணக்குச் சொல்ல வேண்டிய இடமே வேறு.

உங்கள் திங்கட்கிழமைக்கு வருகிறேன். மெல்போர்ன் கேள்வி முடிந்து, நோட்டில் அடித்து முடித்ததும் அந்தப் பையனைப் பார்த்து, 'நீ அன்னிக்குச் சொன்னது சரி. உன்னை உட்காரச் சொன்னது தப்பு' என்று சொல்லிவிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள். கைதட்டச் சொல்லாதீர்கள், அவனை ஹீரோவாக்கினால் மற்றப் பிள்ளைகள் இடைவேளையில் 'சயின்டிஸ்ட்' என்று ஓட்டுவார்கள். இனிமேல் யாராவது உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னால் 'உட்காரு' வருகிற இடத்தில் என்ன சொல்வது என்று இன்றைக்கே ஒரு வாக்கியத்தை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். 'எங்க பார்த்தே? நாளைக்கு நானும் பார்த்துட்டு வரேன்' என்பது எனக்கு ஓடியது. உங்கள் வாய்க்கு வேறு எது வருமோ அது. ஆனால் பார்த்துவிட்டு வர வேண்டும். மறுநாள் மறந்து போய் நின்றால் அது மூன்றாவது தப்பு. அதற்கும் இடது பக்கத்தில் இடம் இருக்கிறது.